பாய்மரத்தடியில் திருநீறு

நான் கேட்டது தையல் மிஷின். வீட்டுக்கு வந்தது படகு. வீட்டுக்கு வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அது கோலசிலாங்கூர் ஆற்றில் சேற்றுக்கரை ஓரம் கட்டிக் கிடந்தது. என் கணவர்தான் அங்கே குடியிருக்க ஆரம்பித்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. அவர் செம்பனைத் தோட்டத்து எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். நான் அதே தோட்டத்தில் மரத்தடியில் சிதறிக் கிடக்கும் உதிரிப் பழம் பொறுக்குகிறவள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீடு, வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மிளகாய்ச் செடி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். படகு வைத்துக்கொள்கிற குடும்பமா இது?

அந்தப் படகை விட்டுவிட்டுப் போனவர் எங்கள் தோட்டத்தின் வெள்ளைக்காரத் தொரை. ஒல்லியான இரண்டு ஓடங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, குறுக்கே கட்டைகள் போட்டுப் பிணைத்து, நடுவில் வலை கட்டி, பாய்மரம் நிறுத்திய படகு அது. கட்டுமரம் என்ற நம்முடைய சொல்லைத்தான் அவர் வாயில் போட்டு மென்று வேறு மாதிரி சொல்லுவார். நம் கட்டுமரத்துக்கும் அதற்கும் நான் பார்த்த ஒரே ஒற்றுமை, இரண்டிலும் ஏறினால் துணி நனையும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொரை கடலுக்குப் போவார், துணைக்கு இவரைக் கூட்டிப் போவார். நங்கூரம் தூக்குவது, தண்ணீர் இறைப்பது, கயிறு இழுப்பது, கிழிந்த பாயைத் தைப்பது எல்லாம் இவர். தொரை பின்னால் உட்கார்ந்து சுக்கான் கட்டையைப் பிடித்திருப்பார். ஒரு நீளக் கைப்பிடி, அவ்வளவுதான். அதை அசைத்தால் படகு திரும்பும். அந்தக் கட்டையை மட்டும் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவர் இவர் கையில் கொடுத்ததில்லை. சிறுநீர் கழிப்பதாக இருந்தாலும் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேதான் கழிப்பாராம். தொரை கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். டின் பிஸ்கட்டைப் பாதிக்குப் பாதி பகிர்ந்துகொள்வார். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். கட்டை விஷயத்தில் மட்டும் அவர் அப்படி.

அவர் தன் ஊருக்கே திரும்பிப் போகிற சமயம், படகை நீயே வைத்துக்கொள் என்று இவரிடம் சொல்லிவிட்டார். அன்றைக்கு இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, குழம்பு நல்லால்லையா?" என்றேன்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புள்ள வேணும். ஆத்து வாயத் தாண்டி, கடல்ல, ஒரு தடவையாவது சுக்கான என் கையால புடிக்கணும். நான் ஓட்டி அது போவணும்."

இவ்வளவு பெரிய மனுஷன், மீசை நரைக்க ஆரம்பித்தவர், பொம்மை கேட்கிற பிள்ளை மாதிரி சொன்னார். அதற்குப் பிறகு நான் தையல் மிஷின் பேச்சை எப்படி எடுப்பேன்?

உடனே ஓட்ட வேண்டியதுதானே என்றால், ஓட்டுகிற நிலையில் அது இல்லை. பாய்மரத்தைக் கழற்றி, சுரண்டி, சாயம் அடித்துத் திரும்ப நிறுத்தினார். பாய்மரம் என்று பேர்தான். மரமில்லை, அலுமினியக் குழாய். முன்னால் இருக்கும் குறுக்குக் கட்டையின் மேல் ஒரு இரும்புக் கிண்ணம், அதற்குள் குழாயின் அடி உட்காரும். இங்கேதான் என் கணவரின் பக்தி குறுக்கே புகுந்தது.

என் கணவர் பெரிய பக்தர். ஆலையில் லேத் மிஷினுக்குப் பொட்டு வைக்காமல் சுவிட்சைத் தொடமாட்டார். வீடு கட்டுகிறவர்கள் வாசல் நிலையை நிறுத்தும்போது அடியில் எந்திரம் கீறிய செப்புத் தகடு, நவதானியம், பொடி அளவு தங்கம் வைப்பார்கள் இல்லையா? படகுக்குப் பாய்மரம்தான் நிலை என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். கோலாலம்பூர் வரை போய்த் தகடு எழுதி வாங்கி வந்தார். பொடித் தங்கத்துக்கு என் தோட்டின் உடைந்த திருகாணி. அதைக் கேட்காமலே எடுத்துப் போனார். அதற்கு நான் போட்ட சத்தம் லயத்தின் கடைசி வீடு வரை கேட்டது. எல்லாவற்றையும் கிண்ணத்தில் வைத்து, மேலே பாய்மரத்தை இறக்கி, தேங்காய் உடைத்தார். தேங்காய்த் தண்ணீரும் கடல் தண்ணீரும் அன்றிலிருந்து அந்தத் தகட்டில் ஊறின.

சில மாதம் போயிருக்கும். ஒரு நாள் ஆற்றிலிருந்து திரும்பியவர் நெற்றி நிறையப் பூசிக்கொண்டு வந்து நின்றார்.

"எந்தக் கோயிலுக்குப் போனீங்க?"

"கோயிலா? பாய்மரத்தடியில கொட்டுது புள்ள. துன்னூறு. நான் கையால வழிச்சேன்."

அந்தக் காலத்தில் இதைக் கேட்டுச் சிரிக்க யாராலும் முடியாது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வீட்டுச் சாமி படத்திலிருந்து திருநீறு கொட்டுகிறது என்று லோரி பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள் எங்கள் லயத்துக்காரர்கள். நானும் அந்த லோரியில் போனவள்தான். ஆகவே இவர் பாய்மரத்தடியில் வெள்ளை வெளேரென்று பொடி வருகிறது என்றதும் மறுவாரமே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பவுடர் டப்பாவில் அதைச் சேர்த்துச் சாமி மேடையில் வைத்தார். எங்களை வேலை வாங்கும் மண்டோரின் மனைவி, எங்களைப் பார்த்தால் முகம் திருப்புகிறவள், துண்டில் முடிந்து வாங்கிப் போனாள்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். திருநீற்றில் வாசம் இருக்கும், இதில் இல்லை. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. பூசினால் நெற்றியில் அரித்தது. அவருக்கும் அரித்தது, அருள் இறங்குகிறது என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். என் சுபாவத்துக்கு அது பெரிய காரியம்.

கடைசியில் ஓட்டிப் பார்க்கலாம் என்று ஒரு நாள் பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகளை இறுக்கியிருக்கிறார். பக்கவாட்டில் கம்பியைப் பிடித்திருந்த பட்டை ஒன்று ஓடத்தின் மரத்தோடு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. பார்த்தால், உலோகத்தில் செய்தது எதுவுமே தேறாது போல இருந்திருக்கிறது. படகைக் கரையேற்றாமல் முடியாது என்று தெரிந்துபோனது.

ஆற்றின் மறு கரையில் மீன்பிடிப் படகு கட்டுகிற சீன முதலாளி ஒருவரின் பட்டறை இருந்தது; தவுக்கே என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவருடைய குடும்பம் முன்பு தோட்டத்துக்குப் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்ததால் தமிழ் நன்றாகவே பேசுவார். ஒரு பெரிய தண்ணீரின்போது, அதாவது கடல் ரொம்பப் பொங்கி ஆறு நிரம்புகிற நாளில், படகை இழுத்துப் பட்டறையின் மேல் மூலையில் ஏற்றி வைத்தார்கள். அந்த மூலைக்குச் சாதாரணத் தண்ணீர் வராது.

தவுக்கே அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "பங்குனி உத்திரம் வருதில்ல, ஒங்க ஆளுங்க காவடி எடுப்பாங்க? அதுக்கு மறுநாள் வர்ற தண்ணிதான் பெரிய தண்ணி. அதுல இது எறங்கணும். எறங்கலன்னா நான் அறுத்துடுவேன். அந்த எடத்துக்கு ஒரு டிரோலர் மீன் படகு வருது. அப்புறம் என்கிட்ட கோவிச்சுக்கக் கூடாது லா."

இவர் தலையாட்டினார். தவுக்கே சொன்னால் செய்வார். பட்டறை ஓரத்தில் அறுத்துப் போட்ட பழைய படகுகள் விறகாகக் குவிந்து கிடந்தன.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பட்டறையில்தான் விடிந்தது. முதலில் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். பிறகு சோறு கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அப்புறம் பார்த்தால் கையில் இரும்பு பிரஷ் இருந்தது. குந்தியிருந்து பழம் பொறுக்கிப் பழகிய கைக்கு அந்த வேலை கஷ்டமாகவே இல்லை.

போல்ட்டுகள் துருவேறி நட்டோடு ஒட்டிக் கிடந்தன. இவர் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, தீ காட்டி, சுத்தியலால் நான்கு பக்கமும் மெதுவாகத் தட்டி, பிறகுதான் ஸ்பானரைப் போடுவார். "அவசரப்பட்டா தல முறிஞ்சிடும் புள்ள, கொஞ்சிக் கொஞ்சித்தான் கழட்டணும்" என்பார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னிடம் அப்படிக் கொஞ்சிப் பேசியது கிடையாது. அதைச் சொன்னேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

கம்பியைப் பிடிக்கும் பட்டைகள் எவர்சில்வர். வெளியே தெரிகிற பாகம் முகம் பார்க்கலாம் போல இருந்தது. மரத்துக்குள் புதைந்திருந்த பாகத்தை வெளியே எடுத்தால் பழுப்புக் கறை. வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க ஆலையில் ஒரு வழி வைத்திருந்தார்கள். பட்டையை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, நன்றாகத் துடைத்து, பிள்ளையின் சாக்பீஸை அதன் மேல் தேய்ப்பார். கொஞ்ச நேரத்தில் வெடிப்புக்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய் கசிந்து, வெள்ளையில் மயிரிழை போலக் கறுப்புக் கோடு விழும். கோடு விழுந்ததையெல்லாம் ஒதுக்கிப் போட்டோம். தேறியது ரொம்பக் கொஞ்சம். ஆலையில் கழித்துப் போட்ட தடித்த எவர்சில்வர் தகட்டை இன்ஜினியரிடம் சொல்லிவிட்டு எடுத்துவந்து, ஒதுக்கியதற்கெல்லாம் புதிதாக வெட்டித் துளை போட்டார். கம்பியை இறுக்கும் வெண்கலத் திருகுகள் பச்சை பிடித்திருந்தன. அவற்றை நான் புளி போட்டுத் தேய்த்தேன். குத்துவிளக்குத் துலக்குகிறவளுக்கு அதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. இதை அப்போது அவரிடம் நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. தண்ணீர் வற்றினால் சேற்றில் நண்டு ஓடும், எதிர்க்கரையிலிருந்து வெல்டிங் வாசனையும் கருவாட்டு வாசனையும் கலந்து வரும், இவர் பழைய சினிமாப் பாட்டைத் தப்புத் தப்பாகப் பாடுவார். வீட்டில் நாங்கள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து அத்தனை மணி நேரம் எதையும் செய்ததில்லை.

பங்குனி உத்திரத்துக்கு ஒரு வாரம்கூட இல்லாதபோது, பட்டைகள் எல்லாம் முடிந்து, பாய்மரத்தைக் கடைசியாக இறக்கினோம். அதன் உச்சியில் ஒரு கப்பி இறுகியிருந்தது, அதற்காகத்தான். தவுக்கேயின் ஆட்கள் கயிறு கட்டித் தூக்கினார்கள். குழாயின் அடி கிண்ணத்தை விட்டு வெளியே வந்தது.

அடி இல்லை. ஒரு பக்கம் கை அகலத்துக்கு அரித்து, எலி கடித்த ரொட்டி மாதிரி பிசிறு பிசிறாக இருந்தது. தொட்ட இடமெல்லாம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. மறு பக்கம் புதுசு போல அப்படியே இருந்தது. கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தால் செப்புத் தகடு ஒரு பக்கமாக நகர்ந்து கிடந்தது. எந்தப் பக்கம் தகடு பட்டதோ அந்தப் பக்கம்தான் அரித்திருந்தது. நவதானியம் மட்கிப் போயிருந்தது. என் திருகாணி மட்டும் ஒன்றும் ஆகாமல் மின்னியது.

தவுக்கே பொடியை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு என் கணவரின் நெற்றியைப் பார்த்தார். அங்கேயும் அதே பொடிதான்.

"தம்பி, இது சாமி குடுத்தது இல்ல லா," என்றார் மெதுவாக. "செம்பையும் அலுமினியத்தையும் உப்புத் தண்ணியில ஒண்ணா வச்சா, செம்பு இருக்கும், அலுமினியம் சாவும். இந்தப் பொடி ஒன் பாய்மரம்தான்."

ஆலையில் நீராவி உண்டு, எண்ணெய் உண்டு. உப்புத் தண்ணீர் ஏது? இவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் சொன்னதும் புரிந்துவிட்டது. துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தார். துடைத்துவிட்டு அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வேறு நாளாக இருந்தால் மண்டோர் மனைவி பூசிக்கொண்டதை நினைத்து விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"அடிய வெட்டிடலாம்," என்றார் தவுக்கே. "மேல நல்லாத்தான் இருக்கு. வெட்டுன அளவுக்குக் கீழ கட்ட வச்சுத் தூக்கிக் குடுக்கலாம். ஒரு நாள் வேல. அந்தத் தகட்ட எடுத்துடு."

இவர் கிண்ணத்தின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார். "எடுக்க மாட்டேன் தவுக்கே."

"எடுக்கலன்னா மறுபடியும் தின்னும்."

"நிலைக்கு அடியில பூச பண்ணி வச்சத எடுக்கக் கூடாது. எடுத்தா குடும்பம் வெளங்காது."

தவுக்கே என்னைப் பார்த்தார், தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். அவர் வீட்டு வாசலிலும் சிவப்பு மேடையும் ஊதுபத்தியும் உண்டு. இந்த விஷயத்தில் வற்புறுத்த மாட்டார்.

மறுநாள் இவர் பட்டறைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. வேலை முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்.

"காப்பாத்தட்டும்னு வச்சேன். வச்சதே தின்னுருச்சு. அப்படின்னா என்ன அர்த்தம்? எனக்குக் கொடுத்து வைக்கல. அறுத்துப் போடட்டும் புள்ள."

அவர் அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். படகு எனக்கு வேண்டாத பண்டமாகத்தான் வந்தது, வாஸ்தவம். ஆனால் ஒவ்வொரு போல்ட்டையும் நான் தேய்த்திருக்கிறேன். அதைத் தூக்கி விறகுக் குவியலில் போடுவதா? எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கோபத்தோடேயே தோட்டத்து மாரியம்மன் கோயில் பக்கம் நடந்தேன். சாமியிடமே கேட்டுவிடலாம் என்று ஒரு வேகம்.

கோயிலில் சாமி இல்லை. அப்போது கோயிலைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். கருவறைக்குள் சாரம் கட்டி, சுவரெல்லாம் சுண்ணாம்பு. அம்மன் எங்கே என்றால், சிலையில் இருந்த சக்தியைக் கலசத் தண்ணீரில் இறக்கி, பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, அங்கே வைத்துப் பூசை நடந்தது. வேலை முடிந்து கும்பாபிஷேகத்தன்று அந்தத் தண்ணீரைத் திரும்ப ஊற்றினால் அம்மன் திரும்பி வந்துவிடுவாள். எல்லாக் கோயிலிலும் நடப்பதுதான். தினமும் அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். அன்றைக்குத்தான் அது என் மண்டையில் உறைத்தது.

திரும்பி ஓடாத குறையாக வந்து இவர் முன்னால் நின்றேன்.

"ஏங்க, மாரியாத்தாவே மராமத்துக்குக் கொட்டாயில போயி உக்காந்திருக்கா. ஒங்க தகடு மட்டும் எறங்க மாட்டேங்குதா? அது என்ன, அவளவிடப் பெரிய சாமியா?"

முதலில் முறைத்தார். பிறகு முறைப்பு நின்று, கண் எங்கேயோ போனது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஆலையில் ஒரு மிஷின் ஏன் நின்றது என்று பிடிபடும்போது வருகிற பார்வை.

"பூசாரி வருவாரா?" என்றார்.

பூசாரி வந்தார். படகுக்கு இப்படிச் செய்ததாக அவர் கேள்விப்பட்டதே இல்லை. மோட்டார் சைக்கிளுக்குப் பூசை போட்டிருக்கிறார், டிராக்டருக்குப் போட்டிருக்கிறார். கொஞ்சம் யோசித்துவிட்டு, சாமி இருக்கிற இடமெல்லாம் கோயில்தானே என்றார். பட்டறையில், துருவும் சிராய்த் தூளும் கிடந்த இடத்தைத் தண்ணீர் தெளித்துக் கூட்டினேன். கிண்ணத்தின் பக்கத்தில் ஒரு சொம்பு, மாவிலை, தேங்காய். தகட்டிலிருந்து சொம்புக்குத் தர்ப்பையைப் பிடித்து மந்திரம் சொன்னார். தவுக்கேயின் ஆட்கள் ரம்பத்தை நிறுத்திவிட்டு நின்றார்கள். தவுக்கே தன் பங்குக்கு ஒரு கொத்து ஊதுபத்தியைக் கொளுத்தி வந்து மணலில் குத்தினார். எதற்கும் இருக்கட்டும் என்றார். பூசாரி தலையசைத்ததும் இவர் தகட்டைக் கையில் எடுத்தார். அதற்குள் இப்போது ஒன்றுமில்லை, வெறும் செம்பு என்பதை அவர் உடம்பே ஏற்றுக்கொண்டது போல இருந்தது. திருகாணியை நான் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பிறகு நடந்ததெல்லாம் வெறும் வேலை, அதில் என் கணவரை யாரும் மிஞ்ச முடியாது. குழாயின் கெட்டுப்போன அடியை அறுத்தார். தவுக்கே கொடுத்த கெட்டியான காட்டு மரக்கட்டையைக் குழாய்க்குச் சரியாகச் செதுக்கி, அறுத்த அளவுக்கு உயரம் கொடுத்து, எண்ணெயில் ஊறவைத்தார். இனிமேல் எந்த உலோகமும் இன்னொரு உலோகத்தைத் தொடக் கூடாது என்று ஒரு வெறியே வந்துவிட்டது அவருக்கு. அலுமினியமும் எவர்சில்வரும் சேருகிற ஒவ்வோர் இடத்திலும் நடுவே கித்தா, அதாவது ரப்பர், துண்டு. ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த தன் அண்ணனிடம் சொல்லி உலர்ந்த கித்தாத் தகடுகளை வாங்கி வந்தார். நான் கத்தரிக்கோலால் வட்ட வட்டமாக வெட்டிக் கொடுத்தேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் சட்டை தைப்பது போல இருந்தது. தையல் மிஷின் கேட்டவளுக்குக் கடைசியில் தையல் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னேன். "தீவாளிக்குள்ள வாங்கிடலாம் புள்ள" என்றார். வாங்கவும் செய்தார், அடுத்த தீபாவளிக்கு.

தகட்டை இடது ஓடத்துக்குள்ளே, குனிந்து நுழைகிற சின்ன அறையின் மரச்சுவரில், இரும்பு ஆணி இல்லாமல் மூங்கில் ஆணியால் அறைந்தோம். சுற்றி ஒரு ஜாண் தூரத்துக்கு மரத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. சொம்புத் தண்ணீரைப் பூசாரி அதன் மேல் ஊற்றினார். கும்பாபிஷேகம் ஆகிவிட்டது என்று தவுக்கே எல்லோருக்கும் பட்டறைக்குப் பக்கத்துக் கடையில் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

உத்திரத்தன்று கோயில் வேலை நடந்துகொண்டிருந்ததால் காவடி சின்ன அளவில்தான். மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன் தண்ணீர் வந்தது. மேல் மூலை வரை சத்தமில்லாமல் ஏறி வந்து, இரண்டு ஓடங்களுக்கும் அடியில் புகுந்தது. படகு ஒரு தடவை முனகிவிட்டுத் தானாக அசைந்தது. நான் போகப்போவதில்லை என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது, தண்ணீர் என்றால் கிணற்றடியோடு சரி. கரையில் நின்ற என்னை இவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் ஒருவேளை மாட்டேன் என்றிருப்பேன். கூப்பிடாமல் பார்த்துக்கொண்டே நின்றார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிட்டேன்.

தவுக்கேயின் மோட்டார் படகு ஆற்று வாய் வரை இழுத்துவிட்டது. பாகான் நக்கோடா ஓமார் கிராமத்துப் பக்கம் போகிற மீன் படகு ஒன்றிலிருந்து கையசைத்தார்கள். கயிற்றை அவிழ்த்துக்கொண்டு தவுக்கே திரும்பினார். இவர் பாயை ஏற்றினார். கம்பிகள் விறைத்தன; நான் புளி போட்டுத் தேய்த்த திருகுகள் கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டு அமைதியாயின. பாய்மரம் அசையாமல் நின்றது. அவர் பின்னால் போய்த் தொரை உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, சுக்கான் கட்டையைப் பிடித்தார்.

கூச்சல் போடுவார், பாட்டுப் பாடுவார் என்று நினைத்தேன். அவரோ கோழி முட்டையைப் பிடிக்கிறவர் போல அவ்வளவு பதமாகப் பிடித்திருந்தார். கொஞ்சம் அசைத்தார், படகு திரும்பியது. மறு பக்கம் அசைத்தார், அந்தப் பக்கம் திரும்பியது. சின்ன அலைகள் வலையின் வழியே வந்து என் பாதத்தை நனைத்தன. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் பயப்பட மறந்துவிட்டேன். அந்த முகத்தைப் போல நிறைந்த முகத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. அன்றைக்கு அவருக்குச் சட்டை இறுக்கம் வேறு.

கரை மங்கலாகிற தூரம் வந்ததும் "இந்தா, இங்க வா" என்றார். தண்ணீர் இறைக்கத்தான் கூப்பிடுகிறார் என்று வாளியை எடுத்துக்கொண்டு போனேன். வாளியை வாங்கிக் கீழே வைத்தார். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"புடி."

"நானா? எனக்குத் தெரியாதுங்க."

"எனக்கு மட்டும் தெரியுமா? இப்பத்தான் புடிச்சேன். புடி."

பிடித்தேன். கைக்குள் கட்டை லேசாக உதறியது, தண்ணீருக்குள்ளிருந்து யாரோ கையைக் குலுக்குவது போல. படகு தடுமாறி, பாய் படபடத்து, பிறகு தானாகவே வழிக்கு வந்தது. அவர் எழுந்து முன்னால் போனார். அத்தனை வருடம் ஓடியாடி வேலை செய்த அந்தப் பாய்மரத்தடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டிக்கொண்டார்.

"எங்கங்க போறது?" என்று கத்தினேன்.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஓட்டுறது நீ. நீயே சொல்லு லா," என்றார்.